சில்லுப் பொறுமை

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கும் ஒருவர், அதனோடு தரப்படும் உத்தரவாதப் புத்தகத்தை வாசிக்கக் கூடாது. ராகலைப் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாரும் தாமாகவே கடைப்பிடித்து வருகிறார்கள். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, பிளாஸ்டிக் உறையோடு சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் வண்டி கிழடாகிப் போனாலும் புத்தகம் புதிதாகவே இருக்கும். கல்லுமேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தரணிதரன் மட்டும் அதை வாசித்தான். அதன் காரணமாக விளைந்தவற்றை உரிய முறையில் எடுத்துரைப்பதே இக்கதையின் நோக்கமாகும்.

தரணிதரன் ராகலை பஸ் நிலையத்துக்கு எதிரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். தமிழ் எழுத்தென்றால் அவனுக்கு உயிர். பிஸ்கட் பைக்கட்டில் எழுதியிருப்பதைக்கூட முழுதாக வாசித்த பிறகுதான் பிரிப்பான். அவன் மனைவி ரூபிகாவுக்கு மலைக்கு அந்தப் பக்கத்துப் பாடசாலையில் ஆசிரிய உதவியாளர் நியமனம் கிடைத்திருந்தது. அந்தப் பாடசாலைக்குப் போகும் முதல் பஸ், பாடசாலை மணி அடித்த பிறகுதான் ராகலையை விட்டே கிளம்பும். பஸ்ஸும் மணியும் வேறு வேறு அமைச்சுகளின் கீழ் வருவதால் இதில் ஒருவரும் தலையிட முடியாது. பிந்தி வருகிறவர் பெயருக்குக் கீழே பாடசாலை அதிபர் சிவப்புக் கோடு போடுவார். கோடுகள் சேர்ந்தால் நியமனம் நிரந்தரமாகாது. ரூபிகாவை நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் அந்த வண்டியே வாங்கப்பட்டது.

நுவரெலியா ஷோரூமில் வண்டிக்குப் பூசை போட்டு, மாலை கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, படமும் எடுத்து முடித்தார்கள். ரசீது வரும்வரை சும்மா இருக்க முடியாமல் தரணிதரன் புத்தகத்தைப் புரட்டினான். சிங்களமும் ஆங்கிலமும் போக, கடைசி அட்டைக்கு முன்னால் ஒடுங்கிக்கொண்டு தமிழ் இருந்தது. முதல் வரியே கட்டளையாக இருந்தது. ‘முதல் ஆயிரம் கிலோமீற்றர் தூரத்திற்கு வண்டியானது உள்ளேயே ஓட்டப்படல் வேண்டும். தவறின் உத்தரவாதம் வலுவிழக்கும்.’

ஆங்கிலத்தில் இது ‘ரன்னிங் இன்’. புது எஞ்சினைக் கொஞ்ச காலம் பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்று அர்த்தம். கொழும்பில் யாரோ ஒரு புண்ணியவான், ரன்னிங் என்றால் ஓட்டம், இன் என்றால் உள்ளே என்று வஞ்சகமில்லாமல் தமிழாக்கி வைத்திருந்தார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் எதற்கு உள்ளே என்று குழம்பியிருப்பான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தோட்டம்தான் உள்ளே. கேட்டைத் தாண்டினால் ராகலையும் வெளியே, நுவரெலியாவும் வெளியே, லண்டனும் வெளியே.

“பாத்தியா ரூபி, நம்மள மனசுல வச்சே எழுதியிருக்காங்க,” என்று நெகிழ்ந்து போனான் தரணிதரன்.

“அப்ப ஷோரூம்ல இருந்து எப்படிங்க வீட்டுக்குப் போறது? நடுவுல எல்லாம் வெளியதானே?”

நியாயமான கேள்வி. லீக்ஸ் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்றைப் பிடித்து, புது வண்டியை அதில் படுக்க வைத்து, கேட்டுக்கு உள்ளே கொண்டுவந்து இறக்கினான். சில்லு ஒரு அங்குலம்கூட வெளியுலகில் உருளவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் தரணிதரன் தோட்டத்துக்குள் சுற்றினான். வீடு இருந்த லயத்தில் இருந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம், அங்கிருந்து பெக்டரி, பெக்டரியில் இருந்து மேல் டிவிசன், மறுபடி லயம். வெள்ளைக்காரன் காலத்தில் பாவிய கல்லும், அவன் போன பிறகு பாவாத பள்ளமுமாக இருந்த ரோட்டில் வண்டி குதித்துக் குதித்து ஓடியது. பெற்றோல் செட் வெளியே இருந்தபடியால் பெற்றோல் மட்டும் கேனில், பஸ்ஸில் வந்தது. மலையில் கொழுந்து எடுத்த பெண்கள், ஹெல்மட்டும் ஜாக்கெட்டுமாக ஒருவன் விடிந்ததும் வந்து வந்து போவதைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் புதுக் கண்டாக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக் கையை விரசாக ஓட்டினார்கள். அந்த மாதம் கல்லுமேட்டுத் தோட்டத்தில் கொழுந்து கூடியது. தோட்டத்துத் தொரை அதைத் தன்னுடைய நிர்வாகத் திறமை என்று மேலிடத்துக்கு எழுதினார்.

ரூபிகா அவ்வளவு நாளும் மலையேறி நடந்தே பாடசாலைக்குப் போனாள். வியர்த்து வழியப் போய்ச் சேர்ந்து, சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க ரூபி. ஆயிரம் முடிஞ்சா ராஜாத்தி மாதிரி போகலாம்,” என்று தேற்றினான் தரணிதரன்.

ஆயிரம் முடிந்தது. மறுநாள் காலை ரூபிகா சாரி முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். வண்டி கம்பீரமாகக் கேட்டைத் தாண்டி வெளியே வந்தது. தார் ரோட்டைக் கண்டதும் முன்சில்லு ‘கடகட’ என்றது. பிறகு ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. சந்தியில் பஞ்சர் ஒட்டும் ஜீவராஜ் ஓடிவந்து, சில்லைக் கையால் ஆட்டிப் பார்த்து, உடனே தீர்ப்புச் சொன்னான்.

“பேரிங் போயிருச்சு அண்ணே. கழட்டவா? ஒரு டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள மாத்திருவேன்.”

“கைய எடு!” என்று அலறினான் தரணிதரன். “வெளியாள் கழட்டுனா வாரண்டி போயிரும். புத்தகத்துல இருக்கு.”

ரூபிகா இறங்கி நடந்தாள். அன்றைக்கும் கோடு.

வண்டி மறுபடி லீக்ஸ் லொறியில் ஏறி நுவரெலியாவுக்குப் போனது. ஷோரூமின் சேவிஸ் பொறுப்பாளர் கணேசமூர்த்தி நல்ல மனுசன். யார் வந்தாலும் உட்கார வைத்து, பால் விடாத பிளேன்ட்டி கொடுத்து, அதற்கப்புறம்தான் இல்லை என்று சொல்வார். சில்லைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

“தண்ணி பட்டிருக்கு,” என்றார்.

இதைக் கேட்டுத் தரணிதரனுக்குக் கோபம் வரவில்லை, மரியாதை வந்தது. தன் கடையில் போனைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் சொல்லும் அதே வார்த்தை. அதே முகம், அதே பெருமூச்சு. தொழில் தெரிந்தவரிடம்தான் வந்திருக்கிறோம் என்று புரிந்தது.

“எங்க சேர் தண்ணி? நான் ஒரு ஓடையக்கூட தாண்டலையே.”

“பனி இருந்துச்சா?”

“பனி எல்லாருக்குந்தானே சேர் இருக்கு.”

“அதத்தான் தம்பி சொல்றேன். பனின்னா என்னா? காத்துல நிக்கிற தண்ணி. வண்டி தண்ணிக்குள்ளதான் ஓடியிருக்கு.”

“அப்ப பனியே இல்லாத எடம் இந்தப் பக்கத்துல எது சேர்?”

கணேசமூர்த்தி யோசித்தார். “இந்த ஷோரூம்தான். இங்க இருந்த வரைக்கும் வண்டி நல்லாத்தானே இருந்துச்சு? யோசிச்சுப் பாருங்க.”

தரணிதரன் யோசித்துப் பார்த்தான். உண்மையாகத்தான் இருந்தது.

“சரி, எந்தப் பாதையில ஓட்டுனீங்க?”

“தோட்டத்துக்குள்ள சேர்.”

கணேசமூர்த்தி போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினார். கல்லுமேட்டுத் தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பச்சை. “பாதையே இல்லையே தம்பி. பாதை இல்லாத எடத்துல ஓடுனா அதுக்குப் பேரு பாவனை இல்ல. சாகசம். சாகசத்துக்கு வாரண்டி இல்ல.”

“பாதை இல்லைனா எனக்கு எப்படி சேர் மீட்டர்ல ஆயிரம் கிலோமீற்றர் வரும்?”

“அதத்தான் நானும் கேக்கிறேன். மீட்டர்ல கைய வச்சீங்களா?”

கணேசமூர்த்தி குனிந்து சில்லை முகர்ந்து பார்த்தார்.

“எலுமிச்சம்பழம் நசுக்குனீங்கதானே?”

“ஆமா, முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு.”

“ஆங். அமிலம்.”

“சேர்! உங்க வாசல்ல வச்சுத்தானே நசுக்குனோம்? பழமே நீங்கதானே குடுத்தீங்க?”

“அது ஷோரூம் மரியாதை. கம்பெனி நசுக்கச் சொல்லல.”

இதற்கு மேல் பொறுக்க மாட்டாமல் தரணிதரன் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தான். உள்ளே ஓட்டச் சொன்னது யார்? கம்பெனி. உள்ளே என்றால் எது? தோட்டம். கல்லையும் பள்ளத்தையும் அவன் தேடிப் போனானா? இல்லை; கம்பெனியின் எழுத்து மூலமான பணிப்புரைக்கு அமையப் போனான். இன்னும் கீழே விரலை ஓட்டினான். ‘உத்தரவாதத்திற்கு உட்பட்ட பாகங்கள்’ என்ற இடத்தில் பளிச்சென்று ஒரு வரி. ‘முன் சில்லுப் பொறுமை.’

கணேசமூர்த்தி தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தமிழ்ப் பக்கத்தை வாசித்தார். ஆங்கிலப் பக்கத்தையும் வாசித்தார். பேரிங் இருந்த இடத்தில் எல்லாம் தமிழில் பொறுமை இருந்தது. ‘பேர்’ என்றால் பொறுத்துக்கொள் என்று அதே புண்ணியவான் தமிழாக்கியிருந்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. நுவரெலியாவில் ஒரு மனிதனுக்கு வியர்ப்பது என்பது சின்ன விசயமில்லை. உடனே கொழும்புக்குப் போன் போட்டார். அங்கே விதானகே மாத்தயா என்ற பெரியவர் எடுத்தார். தமிழ்ப் புத்தகத்தில் என்ன பாகத்துக்கு உத்தரவாதம் என்று அவர் சிங்களத்தில் கேட்க, கணேசமூர்த்தியும் நேர்மையாகச் சிங்களத்திலேயே சொன்னார்.

“ரோதே இவசீம, சேர்.”

சில்லின் பொறுமை. அந்தப் பக்கத்தில் இருந்து “பொட்டக் இன்ன,” என்று கேட்டது. கொஞ்சம் இருக்கச் சொன்ன விதானகே மாத்தயா வேறு தொலைபேசிகளில் வேறு பெரியவர்களோடு பேசிவிட்டு வந்தார். கம்பெனி நாணயமான கம்பெனி, சொன்ன சொல் தவறாது. தமிழில் பொறுமை தருவதாக அச்சடித்திருந்தால் தமிழ் வாடிக்கையாளருக்குப் பொறுமையே வழங்கப்படும். பேரிங் கொடுத்தால் அது புத்தகத்தில் இல்லாத பொருளைக் கொடுத்ததாகிவிடும். கணக்காய்வில் பதில் சொல்ல முடியாது. ஆனால் களஞ்சியத்தில் பொறுமை கைவசம் இல்லாததால், வண்டி செய்த நாட்டுக்கு எழுதிப் போடுவார்கள். அதுவரை காத்திருக்கவும்.

“எவ்வளவு நாளாகும் சேர்?” என்று கேட்டான் தரணிதரன்.

“பொறுமையாத்தான் வரும்,” என்றார் கணேசமூர்த்தி. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வண்டி லீக்ஸ் லொறியிலேயே தோட்டத்துக்குத் திரும்பியது.

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் இருந்து பதில் வந்தது. கணேசமூர்த்தி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தாங்கள் கேட்ட பாகத்தைத் தேடிப் பார்த்தோம், இந்த வகை வண்டிக்குப் பொறுமை பொருத்தப்படுவதில்லை, வேறு ஏதும் தேவையாயின் அறியத் தரவும்.

“ஜீவராஜ் இன்னைக்கும் கேட்டான்ங்க. டவுன் கடையிலயே பேரிங் இருக்காம்,” என்றாள் ரூபிகா. “மாத்திக்கிட்டா என்னாங்க? மேலிடத்துல இருந்து என்னைய விளக்கம் கேட்டு எழுதப் போறாங்களாம். அதிபரே சொல்லிட்டாரு.”

“இவ்வளவு தூரம் வந்த பெறகு கைய வச்சா, நம்ம பக்கத்து நியாயம் என்னாகிறது?”

“என் பக்கத்து வேல என்னாகிறது?”

இந்தக் கேள்வி காற்றில் நிற்கும்போதுதான் தலைவர் வீரபத்திரன் உள்ளே வந்தார். கல்லுமேட்டுத் தோட்டத்துச் சங்கத் தலைவர். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் கொள்கை முழக்கத்தோடுதான் உடைந்ததாகப் பேசக்கூடியவர். புத்தகத்தை வாங்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க மீசை எழும்பியது.

“தரணி, இது பேரிங் பிரச்சின இல்லப்பா. மொழிப் பிரச்சின.”

“இல்லீங்க தலைவரே, பேரிங் பிரச்சினைதான்,” என்றாள் ரூபிகா.

“நீ சும்மா இரும்மா. உனக்கு வெளங்காது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா ஷோரூம் முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதே வண்டியை வாங்கி, அதே பேரிங் போய், புத்தகம் வாசிக்காததால் சத்தமில்லாமல் இருந்த பொடியன்மார் வலப்பனையில் இருந்தும் கொத்மலையில் இருந்தும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ‘எங்கள் தமிழ் எங்கள் உரிமை’ என்ற பதாகையைத் தலைவர் பிடித்தார். ‘பேரிங் தா’ என்று ஒருவன் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதில் ஆங்கிலம் கலந்திருப்பதாகச் சொல்லித் தலைவர் அதைச் சுருட்டி வைக்கச் சொன்னார். படங்கள் பேஸ்புக்கில் ஏறின. யாழ்ப்பாணத்தில் இருந்தும் கனடாவில் இருந்தும் கண்டனங்கள் குவிந்தன. ஒருவர் கவிதையே எழுதிவிட்டார்.

கம்பெனி நடுங்கிப் போனது. பேரிங் கேட்டுத்தான் ஆர்ப்பாட்டமோ என்று முதலில் பயந்தது. தமிழ்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அதற்கு மூச்சு வந்தது. உடனே ‘உத்தரவாதத் தமிழ் செம்மையாக்க ஆலோசனைக் குழு’ ஒன்று நியமிக்கப்பட்டது. தலைவர் வீரபத்திரன் தலைவர். தரணிதரன் செயலாளர். கணேசமூர்த்தி ஒருங்கிணைப்பாளர்.

குழு நுவரெலியாவின் நல்ல ஹோட்டல் ஒன்றில் கூடியது. கட்லட் வந்தது, பெட்டிஸ் வந்தது, பேரிங்குக்குத் தமிழ் மட்டும் வரவில்லை. ‘உருள்’ என்றார் ஒருவர். ‘சுழலி’ என்றார் ஒருவர். தலைவர் ‘அச்சாணித் தோழன்’ என்று முன்மொழிந்து கண் கலங்கினார். பல அமர்வுகள் கழித்துத் தரணிதரன் எழுந்து ‘தாங்கி’ என்றபோது மண்டபம் எழுந்து நின்றது. விதானகே மாத்தயா கொழும்பில் இருந்து காணொளியில் கை தட்டினார். அந்த ஹோட்டல் மேசையில் உப்புப் போத்தல் வைத்திருந்த இடத்தில் ஒன்பது பேரிங் வைக்கலாம். ஆனால் பேரிங் பற்றிப் பேசுவது குழுவின் பணிப்பரப்புக்கு உட்படாது என்று முதல் அமர்விலேயே தீர்மானம் ஆகியிருந்தது. அதை முன்மொழிந்தவர் கணேசமூர்த்தி, வழிமொழிந்தவர் தரணிதரன்.

தரணிதரன் இப்போது ஆள் மாறிப்போயிருந்தான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேட்டும் கோப்புமாகக் கூட்டங்களுக்கு, லீக்ஸ் லொறியில் போய் வந்தான். ரூபிகா நடந்து போய் வந்தாள். விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. அதைக் காட்டியபோது அவன் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தான்.

புதிய தமிழ்ப் பதிப்பின் வெளியீட்டு விழா தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நடந்தது. பந்தல், பலூன், நாதஸ்வரம், குத்துவிளக்கு. வரவேற்பு நடனத்துக்கு ரூபிகாவின் பாடசாலையே திரண்டு வந்தது. அதிபரும் வந்துவிட்டதால் அன்றைக்கு ஒருநாள் ரூபிகாவுக்குக் கோடு விழவில்லை. வலப்பனை, கொத்மலைப் பொடியன்மார் ஆடும் சில்லுகளோடு வண்டிகளைத் தள்ளிவந்து தரணிதரனின் வண்டியோடு வரிசையாக நிறுத்தினார்கள். விதானகே மாத்தயா நேரிலேயே வந்து, “வணக்கம், சுகமா?” என்று தமிழில் இரண்டு சொல் பேசினார். கூட்டம் சொக்கிப் போனது.

தரணிதரனுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கொடுத்து, மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

“‘மலைச் சரிவுகள், தோட்டப் பாதைகள், மூடுபனி மிகுந்த பிரதேசங்கள் ஆகியவற்றில் பாவிக்கப்படும் வண்டிகளின் சில்லுத் தாங்கிகளுக்கு எவ்வித உத்தரவாதமும் வழங்கப்பட மாட்டாது என்பதை வாடிக்கையாளர்களுக்குப் பணிவுடன் அறியத் தருகின்றோம்.’”

ஒரு ஒற்றுப் பிழை இல்லை. ஒரு சந்திப் பிழை இல்லை. வல்லினம் மிகும் இடத்தில் மிகுந்து, மிகாத இடத்தில் மிகாமல் இருந்தது. தலைவர் வீரபத்திரன் துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு பெரட்டுக் களமே அதிரக் கை தட்டல் எழுந்தது. வலப்பனைப் பொடியன்மார் விசிலடித்தார்கள். ஆளுக்கு ஒரு பிரதி வாங்கி, தரணிதரனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, வண்டிகளைத் தள்ளியபடி சந்தோசமாக வீடு திரும்பினார்கள்.

ரூபிகா கூட்டம் கலையும்வரை நின்றாள். பிறகு தரணிதரனின் சேட்டுப் பையில் கையை விட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

“எங்க ரூபி?”

“சந்திக்கு. ஜீவராஜ்கிட்ட பேரிங் வாங்கிக் குடுத்தாச்சு. கழட்டி மாத்தச் சொல்லிட்டேன். நாளைக்கு நேரத்தோட போகணும்.”

தரணிதரனுக்குப் பொன்னாடை நழுவியது. மாலையோடு ஓடிவந்து வண்டியின் முன்னால் குறுக்கே நின்றான்.

“ஐயோ, வெளியாள் கழட்டுனா வாரண்டி போயிருமே ரூபி!”

ரூபிகா அவன் கையில் இருந்த புதுப் பதிப்பைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

“வாரண்டி இல்லீங்க,” என்று திருத்தினாள். “உத்தரவாதம்.”